போஜன் பழக்கிய இரும்பு

இப்போதெல்லாம் யாரும் தப்பாக அடிப்பதில்லை. பந்துதான் தப்பான இடத்துக்குப் போகிறது. அடித்த ஆள் மட்டையைத் திருப்பி அதன் தலையை உற்றுப் பார்க்கிறான், கட்டைவிரலால் தடவுகிறான், நகத்தால் தட்டிப் பார்க்கிறான். பிறகு போனை எடுத்துக் கம்பெனிக்குப் புகார் சொல்கிறான். நான் தப்பாக அடித்துவிட்டேன் என்று ஒருவன் வாயால் கேட்டு இருபது வருஷம் இருக்கும். முன்பு ஊட்டி மைதானத்தில் அப்படி இல்லை. பந்து முள்ளுக்குள் போனால் ஒரு கெட்ட வார்த்தை, பை தூக்கி வந்த என் மேல் ஒரு முறைப்பு, அதோடு சரி. முறைத்தவனுக்கும் உள்ளுக்குள் தெரியும், தப்பு தன் கையில் என்று.

என் பெயர் சவரிமுத்து. ஊட்டி காந்தல்காரன். மூன்றாவது வரைதான் படிப்பு. ஐம்பது வருஷம் கோல்ஃப் மைதானத்தில் அடுத்தவன் பையைத் தூக்கினேன். எங்களை இங்கிலீஷில் கேடி என்பார்கள். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போனால் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதே என்று போஜன் சிரிப்பான்.

அந்த போஜன் செத்து நாலு வருஷம் ஆகிறது. போன வருஷம் உலகம் முழுக்க ஆட்கள் எட்டு மாதமாகப் புகார் எழுதி, அத்தனை புகாரும் கடைசியில் அவன் தலையில் வந்து விழுந்தன. அதைத்தான் சொல்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் பை தூக்க ஆரம்பித்தபோது பெரிய மட்டையின் தலை மரம். ஏதோ அமெரிக்க மரம், நம் பனிச்சை மரத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஒரு எஸ்டேட் துரை சொன்னார். இரண்டு கைப்பிடி அளவு இருக்கும். அடியில் பித்தளைத் தகடு, நாலு திருகாணி, கழுத்தில் தார் பூசிய நூல் சுற்று. ஜூன் மாத மழையில் மரம் உப்பும், திருகாணி இளகும், நூல் அவிழும். கொட்டகையில் கரியடுப்புப் பக்கம் வைத்துக் காயவைப்போம். ரொம்பக் கிட்டே வைத்தால் வெடிக்கும். தள்ளி வைத்தால் காயாது. எந்தத் தூரம் சரி என்று போஜனுக்குத்தான் தெரியும். புறங்கையை நீட்டிப் பார்த்து, "இங்க வை, சவரி" என்பான்.

அந்த மரத்தலையில் பந்து பட வேண்டிய இடம் ஒரு ரூபாய்க் காசு அளவுதான். அங்கே பட்டால் கனமான கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஒரு விரற்கடை தள்ளிப் பட்டால் தலை முறுக்கிக்கொள்ளும், முழங்கை வரை கூசும், பந்து கோணலாக ஓடும். மரம் யாருக்கும் சலுகை காட்டாது.

பிறகு இரும்பில் வார்த்த தலை வந்தது, உள்ளே வெற்று. தகர டப்பாவை உதைத்த மாதிரி சத்தம். எங்களுக்கு முதலில் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் டைட்டானியம் வந்தது. இரும்பை விட லேசு, ஆனால் கெட்டி. அதனால் தலையைத் தேங்காய் அளவுக்குப் பெரிதாக்க முடிந்தது. அதற்கும் அப்புறம் மேல் ஓட்டைக் கார்பன் நாரில் செய்தார்கள். அங்கே மிச்சம் பிடித்த எடையை எல்லாம் தலையின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஏன் என்று எனக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. தோளில் தடி வைத்து இரண்டு முனையிலும் தண்ணீர் டின் தொங்கவிட்டு நடந்தவனுக்குத் தெரியும். யாராவது இடித்தாலும் தடி சட்டென்று திரும்பாது. அதே எடையைத் தடியின் நடுவில் கட்டினால் சின்னப் பிள்ளை தட்டினாலும் சுழலும். எடை ஓரத்துக்குப் போகப் போக, பந்து எங்கே பட்டாலும் தலை முறுக்காமல் நின்றது. இரும்பு மாற மாற மனிதன் செய்த தப்பு வெளியே தெரியாமல் போனது.

போஜனுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. அவன் படுகன், ஊட்டிக்குக் கீழே ஒரு ஹட்டிக்காரன்; படுகர் ஊரை ஹட்டி என்போம். ஒல்லியான ஆள். கொய்யாத் தடியில் கம்பியை வளைத்துக் கட்டி அடித்துப் பழகியவன். துரை ஒருவர் போகும்போது விட்டுவிட்டுப் போன மரத்தலை மட்டை ஒன்றுதான் அவனுக்குச் சொந்தம். அதன் முகத்தில் ஒரே ஒரு இடத்தில், காசளவு, பாலிஷ் தேய்ந்திருக்கும். மற்ற இடமெல்லாம் கைக்கு வந்தபோது இருந்த பளபளப்பு. வருஷத்துக்கு ஒருநாள் கேடிகளுக்குப் போட்டி வைப்பார்கள். பதினொரு தடவை அவன் ஜெயித்தான். பதினொரு தடவையும் கோடு வைத்தவன் நான்.

கோடு வைப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மைதானம் மேடும் பள்ளமும். அடிக்கிற இடத்தில் நின்றால் பாதிக் குழிகளுக்குக் கொடி தெரியாது. அதனால் கேடி பந்துக்குப் பின்னால் பத்தடி போய், தெரிந்த மரத்தையும் மேட்டையும் வைத்துத் திசை பார்த்து, ஆட்டக்காரன் கால் முன்னால் தரையில் ஒரு குச்சியை வைப்பான். ஆட்டக்காரன் அந்தக் குச்சிக்கு ஒட்டிக் கால்விரலை வைத்து நிற்பான். நின்றதும் குச்சியை எடுத்துவிட வேண்டும், அது விதி. போஜன் மற்ற ஆட்களைப் போல நிமிர்ந்து திசை பார்க்க மாட்டான். என் குச்சியைப் பார்ப்பான், கால் வைப்பான், அடிப்பான். முப்பது வருஷம் அப்படி. வேறு யார் கோடு வைத்தாலும் அவனுக்குக் கால் நிற்காது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று எங்களைத் தேடி வந்தது. பம்புக்கு வார்ப்பு செய்துகொண்டிருந்தவர்கள், பிறகு வெளிநாட்டுக்கு மட்டைத்தலை செய்ய ஆரம்பித்தவர்கள். நிறைய ஆட்டக்காரர்களை அடிக்க வைத்துப் பார்த்துவிட்டு, யாரோ சொல்லி போஜனிடம் வந்தார்கள். ரப்பர் செருப்போடு ஐம்பது பந்து அடித்தான். மட்டையின் முகத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஐம்பது அடியும் ஒரே பொட்டாக விழுந்திருந்தன. கம்பெனி மேலாளர் ரங்கராஜ் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சவரி வந்தா வரேன். இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க" என்றான் போஜன்.

மூன்று மாதம் சூலூர்ப் பக்கம் இருந்தோம். மைதானம் இல்லை, ஒரு பெரிய கூடம். எதிரே வெள்ளைத் திரை, அதில் ஒரு கொடி படம். தரையெல்லாம் கேமரா. கனிஷ்கா என்று ஒரு பெண் இன்ஜினியர், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்களுக்கு விளங்க வைக்கிறேன் என்று மெனக்கெட்டாள்.

"இது ஊத்தறது இல்லீங்கய்யா. டைட்டானியம் பொடியை லேசர்ல உருக்கி, ஏடு மேல ஏடா அடுக்கறோம். உள்ள தேன்கூடு மாதிரி லட்சம் நரம்பு ஓடுதுங்க."

"தேன் இருக்குமா?" என்றான் போஜன்.

"அதை நீங்கதானுங்க ஊத்தணும். நீங்க ஒவ்வொரு அடி அடிக்கறப்பவும் ஒரு நரம்பு துளி இறுகும், ஒரு நரம்பு துளி தளரும். புதுச் செருப்பு காலுக்குப் பழகற மாதிரி. இருபத்தஞ்சாயிரம் அடிக்கு அப்பறம் இந்தத் தலை உங்க அடிக்குப் பழகிரும். இதை அச்சா வெச்சு எத்தனை தலை வேணும்னாலும் செய்யலாம். உலகத்துல எவன் கோணலா அடிச்சாலும், பந்து படற நேரத்துல தலை தானாத் திரும்பி நீங்க அடிக்கற மாதிரி அடிச்சுரும். பேட்டரி இல்ல, ஒயர் இல்ல. வெறும் உலோகம்."

"அப்ப அடிக்கிறது யாரு?" என்று நான் கேட்டேன். "கோணலா அடிக்கிறவனா, இவனா?"

அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் போஜன்தான் சொன்னான். "உனக்கு எதுக்குடா அது. கோட்டை வை."

நாளைக்கு முந்நூறு அடி. கோயம்புத்தூர் வெயில் அவனுக்கு ஆகவில்லை. மதியம் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து, "ஊட்டியில இந்நேரம் பனி இறங்கியிருக்கும்ல" என்பான். நான் வேண்டுமென்றே, "இறங்கி, உருளைக்கிழங்கெல்லாம் கருகியிருக்கும்" என்பேன். பீடிக்கட்டில் கடைசிப் பீடி யாருக்கு என்று தினமும் சண்டை. நடுவில் குன்னூரில் என் மச்சான் இறந்துபோய் இரண்டு நாள் போய் வந்தேன். அந்த இரண்டு நாளும் இவன் தானே பார்த்துக் கால் வைத்து அடித்திருக்கிறான். நான் திரும்பி வந்ததும், "வந்தியா, வை கோட்டை" என்றதோடு சரி.

தலை கடைக்கு வந்தபோது அதன் அடியில் போஜன் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் பொறித்திருந்தார்கள். ஜப்பான்காரன் வாங்கினான், அமெரிக்காக்காரன் வாங்கினான். பேப்பரில் படம் வந்தது. ஹட்டியில் அவனை நடுவில் உட்கார வைத்து மரியாதை செய்தார்கள். அதற்கு அடுத்த மூன்றாவது வருஷம் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டான்.

இப்போது புகாருக்கு வருகிறேன். அந்தத் தலை எல்லாம் நன்றாகத்தான் அடித்தது, ஆனால் இருநூறு கஜத்துக்கு ஆறு கஜம் வலது பக்கம் விழுகிறது என்று ஒருவன் எழுதினான். அதைப் பார்த்து இன்னொருவன் எழுதினான். பிறகு ஆயிரம் பேர். வெளிநாட்டில் விதி போடுகிற சங்கம் ஒன்று கம்பெனியைக் கேட்டது. பழக்கிய ஆளின் அடியிலேயே கோளாறு இருந்திருக்கலாம் என்று கம்பெனி பதில் எழுதியது. அது பேப்பரில் வந்துவிட்டது.

போஜன் பெண்சாதி மாதி ஆள் விட்டுக் கூப்பிட்டாள். போனேன். வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள்.

"அண்ணா, அவரு பேரை எடுத்துடப் போறாங்களாமே."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. கோணலா அடிச்சவன் பேரை எதுக்கு வெச்சீங்கன்னு எவனோ எழுதியிருக்கானாம். நெலம் சம்பாதிச்சாரா, வீடு கட்டினாரா. நேரா அடிப்பாருன்னு ஒரு பேரு. அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா அவரு இருந்ததுக்கு என்ன இருக்கு?"

"எடுக்க விட மாட்டேன்" என்றேன்.

"நீங்கதான் கூடவே இருந்தீங்க. போய்ச் சொல்லுங்க, அண்ணா."

மறுநாள் காலை முதல் பேருந்தில் இறங்கினேன். ஆள் ஓட்டாத பேருந்து. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் நான்தான் பிரேக் போடுகிற மாதிரி காலை அழுத்திக்கொண்டு வந்தேன்.

கனிஷ்கா வாசலுக்கே வந்து கூட்டிப்போனாள். இப்போது அவள்தான் அந்தப் பிரிவுக்குப் பெரியவள். அதே கூடம், அதே திரை. ரங்கராஜ் முடி கொட்டி உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே பேசினேன்.

"போஜன் அடி கோணல் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"உட்காருங்கய்யா" என்றார் ரங்கராஜ். "நாங்களும் அப்படித்தான் நம்பறோம். அதனாலதான் நீங்களா வரலைன்னா நாங்களே வண்டி அனுப்பியிருப்போம்."

"நம்புறவன் பேப்பருக்கு எதுக்குக் குடுத்தான்?"

அவர் கனிஷ்காவைப் பார்த்தார். அவள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, முதல்ல ஒண்ணு செய்யுங்க. இந்தத் தலையில ஒரு அடி அடிச்சுப் பாருங்க."

"நானா? நான் பை தூக்கினவன். என் அடியைப் பார்த்துக் கழுதை கூட ஒதுங்கும்."

"பரவாயில்லீங்க."

அடித்தேன். எழுபத்து நாலு வயது முதுகு எவ்வளவு திரும்புமோ அவ்வளவு திருப்பி, இறக்கினேன். பாதி வரைக்கும் அது என் அடிதான், விறகு வெட்டுகிற அடி. பந்துக்கு ஒரு சாண் இருக்கும்போது ஏதோ ஆனது. மட்டை கனமாகி, வழிக்கு வந்து, தானாக நேரானது. பந்து படும்போது கைக்குள் ஒரு நெல்லளவு வலது பக்கம் திறந்தது. பந்து போய்விட்டது. நான் குனிந்தபடியே நின்றேன். அந்தக் கடைசித் திறப்பு எனக்குத் தெரியும். முப்பது வருஷம் பத்தடி பின்னால் நின்று பார்த்த மணிக்கட்டு அது. பூட்டில் சாவியைத் திருப்புகிற மாதிரி ஒரு சின்னத் திருப்பு. மைதானத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அது அவன் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுதுங்களா?" என்றாள்.

"பிடி தளர்வா இருக்கு" என்றேன்.

அவள் திரையில் ஏதோ கோடுகளைக் காட்டினாள். "கடைசில திறக்குது பாருங்க, அதுதானுங்க அந்த ஆறு கஜம். கால் நிக்கற திசைக்குத்தான் மட்டை வருது. பந்தைத் தொடறப்ப மட்டும் கொஞ்சம் வலதுக்குத் தள்ளுது. போஜன் ஐயா அடிச்ச அடி எல்லாத்துலயும் இது இருக்கு. ஆனா அவரு அடிச்ச பந்து எல்லாமே திரையில கொடி மேலதான் விழுந்துச்சு. அதனால அப்ப எங்களுக்குக் கோளாறாத் தெரியல. கொடிக்கு நேரா நின்னு அடிக்கறவங்க கையில போனப்பறம்தான் தெரிஞ்சுது."

"அவன் கொடி மேலதான் போட்டான்னு நீயே சொல்றே. அப்புறம் என்ன கோணல்?"

"ஒரு அறுநூறு அடியில மட்டும் இந்தத் திறப்பு இல்லீங்கய்யா. ரெண்டு நாள் அடிச்சது. கால் கொடிக்கு நேரா இருக்கு, அடியும் நேரா இருக்கு." திரையில் ஒரு தேதியைத் தொட்டுக் காட்டினாள். "நீங்க குன்னூர் போயிருந்த ரெண்டு நாள்."

நான் திரையில் இருந்த கொடியைப் பார்த்தேன்.

"ஒரு கோடு வைக்கறீங்களா?" என்று ஒரு குச்சியை நீட்டினாள்.

வைத்தேன். எப்போதும் போல பத்தடி பின்னால் போய்ப் பார்த்து, வந்து வைத்தேன். அவள் கூரையில் இருந்து ஒரு பச்சை வெளிச்சக் கோட்டை இறக்கினாள். குச்சி கொடிக்கு இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை வைத்தேன். அதே அளவு. மூன்றாவது தடவையும்.

"தரை சாய்வு" என்றேன்.

"ரசமட்டம் வெச்சுப் பார்க்கலாமுங்க."

"உன் வெளிச்சம் கோணல்."

ரங்கராஜ் இருமினார். "ஐயா, யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்லீங்க. சில பேருக்கு ஒரு கண்ணு..."

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. வர்ற பஸ் போர்டை நூறடிக்கு முன்னால படிக்கிறேன். நான் இடது பக்கம் வெச்சிருந்தா போஜன் சொல்லியிருப்பான். அவன் வாய் சும்மா இருக்கிற வாயா?"

கனிஷ்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, "அவரு சொன்னாருங்கய்யா. எங்கிட்ட" என்றாள். "உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. ஏழு வருஷமா நான் யாருகிட்டயும் சொல்லல. இப்ப அவரு பேரே போகுதுன்னு வந்தப்பறம் எனக்கு வேற வழி தெரியல."

கேமராவில் பேச்சும் பதிவாகுமாம். போட்டாள்.

முதலில் பந்து அடிக்கிற சத்தம். பிறகு அவள் குரல், சின்னப் பெண்ணின் குரல்: "ஏனுங்கய்யா, இன்னைக்கு வேற மாதிரி அடிக்கறீங்க?" அதற்கு ஒரு சிரிப்பு. பிறகு,

"இன்னைக்கு அவன் இல்லல்ல. அவன் கோடு எப்பவும் கொஞ்சம் இடதாத்தான் இருக்கும், பாப்பா. முத நாள்ல இருந்தே. நான் கையில சரி பண்ணிக்குவேன்."

"அவருகிட்டச் சொன்னா நேரா வெச்சிருவாருல்லங்க?"

"எதுக்கு? துரைங்க எல்லாம் அவன் கோட்டை நம்பித்தான் அடிக்கிறாங்க. கோணல்னு தெரிஞ்சா அப்புறம் அவன் பையைத் தொட மாட்டான். தொழிலை விட்டுடுவான், அவன் ரோசம் அப்படி. எனக்கு என்ன, ஒரு மணிக்கட்டுதானே. நீ அவன்கிட்டச் சொல்லிடாதே. சத்தியம் பண்ணு."

அதோடு பதிவு நின்றது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

"இது அவன் குரல் இல்ல" என்றேன்.

"ஐயா..."

"இப்பத்தான் செத்தவன் குரலை எல்லாம் மெஷின்லயே செய்யறீங்களே. போன மாசம் எங்க தெருவுல ஒருத்தனுக்கு அவன் செத்த அப்பன் போன் பண்ணிப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்றான். இரும்புக்குள்ள ஆளையே வைக்கிறவங்களுக்குக் குரல் செய்ய எவ்வளவு நேரமாகும்?"

கனிஷ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது நடிப்பு இல்லை. அவளும் நம்புகிறாள் போல.

ரங்கராஜ் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். நேராக விஷயத்தைச் சொன்னார், அந்த ஒன்றுக்காக அவரை மதிக்கிறேன். "ரெண்டு வழிதானுங்க இருக்கு. அடியில கோளாறுன்னு எழுதினா, இந்த அச்சு மொத்தத்தையும் உருக்கிட்டு, மெஷின் கையை வெச்சுப் புதுசாப் பழக்குவோம். அவரு அடியும் இருக்காது, பேரும் இருக்காது. கோட்டுல கோளாறுன்னா, அந்த ஆறு கஜத்தை மட்டும் கணக்குப் பண்ணிக் கழிச்சிருவோம். அடி அப்படியே இருக்கும். பேரும் இருக்கும். சங்கத்துக்காரங்க பதிவை ஒத்துக்க மாட்டாங்க. கோடு வெச்சவரு கையெழுத்து வேணும்னு சொல்றாங்க."

"என்னன்னு எழுதியிருக்கு?"

கனிஷ்கா படித்தாள். திசை காட்டியவரின் பார்வைப் பிழையால் அடித்தவர் ஒவ்வொரு அடியிலும் ஈடு செய்ய நேர்ந்தது. அடித்தவரிடம் பிழை ஏதும் இல்லை.

"கடைசி வரியை இன்னொரு தடவை படி."

படித்தாள்.

ஐம்பது வருஷத்தில் எத்தனை பேருக்குக் கோடு வைத்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஜட்ஜுகள், எஸ்டேட் துரைகள், ஒரு தடவை ஒரு ராஜா. அவர்கள் பந்தெல்லாம் கோணலாகத்தான் போனது. அவர்கள் அடி அப்படி. கோடு நேராகத்தான் இருந்தது. போஜன் பந்து மட்டும் கொடிக்குப் போகும். அதைப் பார்த்துத்தான், கோடு வைத்தால் சவரி வைக்க வேண்டும் என்று மைதானம் முழுக்கச் சொன்னார்கள். நானும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன்.

"பேனா குடு" என்றேன்.

"ஒத்துக்கறீங்களாய்யா?" என்றாள் கனிஷ்கா.

"ஒத்துக்கலை. கையெழுத்துப் போடறேன். ரெண்டும் வேற வேற." பெயருக்கு மேலே விரலை வைத்தேன். "சவரிமுத்து, அருளப்பன் மகன்னு முழுசா எழுது. வேற எவன் பேர்லயும் இது போகக் கூடாது."

அவள் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ரங்கராஜ் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கனிஷ்கா மட்டும் அந்தத் தலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குக் கழிச்சிருவோமுங்க. அதுக்கப்பறம் அந்தத் திறப்பு எந்தத் தலையிலயும் இருக்காது. அது ஒண்ணு மட்டும் அவரு உங்களுக்காகச் செஞ்சது. ஒரே ஒரு தலையை மட்டும் மாத்தாம வெச்சு உங்களுக்குத் தரட்டுங்களா?"

"எனக்காக அவன் செஞ்சதுன்னு அங்க ஒண்ணும் இல்ல. இல்லாததை எடுக்கிறதுக்கு என்னை எதுக்குக் கேக்கிறே?"

சொல்லிவிட்டு அந்தத் தலையைப் பார்த்தேன். சாம்பல் நிறம், பந்து பட்ட சுவடே இல்லை. இந்த இரும்பு தேயவும் தேயாதாம். அவள் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான் வாங்கவில்லை.

கார் அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று நடந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பேருந்து நிறுத்தம் ஒரு மைல் இருக்கும். பேர் இருக்கிறது என்று மாதியிடம் சொன்னால் போதும், மற்றதெல்லாம் அவளுக்கு எதற்கு.

நடக்க நடக்க யோசித்துப் பார்த்தேன். கடைசிப் பீடியை நான் எடுத்துவிட்டேன் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் அவன். கொட்டகையில் என் துண்டில் உட்கார்ந்தால் நான் ஒரு வார்த்தை சொல்வேன், அவன் நாலு வார்த்தை சொல்வான். அப்படிப்பட்டவன் இதை முப்பது வருஷம் மனதில் வைத்துக்கொண்டு, தினம் தினம் மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போயிருப்பானா?

இருக்காது. மெஷின்காரர்கள் சொல்வதை எல்லாம் நம்ப முடியாது. நான் நடந்துகொண்டே இருந்தேன்.